ரட்சிம்பா பேசிய சொற்கள்

அம்பதோமேனா கிராமம்
1994 மே 8

என் தங்கமே நிவு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் சுகம், பன்னிதான் ஒண்ணு செத்துப்போச்சு. உன் கடுதாசி வியாழக்கிழமை வந்தது. வேன்காரன் அதை அரிசி மூட்டை மேல வச்சு, அது மேல அவனும் உட்கார்ந்து கொண்டாந்திருக்கான். கசங்கிக் கிடந்தாலும் ரெண்டு தடவை படிச்சேன்.

ஏண்டி, ரெண்டாயிரத்து ஐநூறு வருஷமா மனுஷன் மேடையில எப்படியெப்படிப் பேசினான்னு படிக்கிறதுக்கு ஒரு பட்டமா? கிரேக்க தேசத்துல ஒருத்தன் நாக்கு திருந்தறதுக்காக வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுக் கடலைப் பாத்துப் பேசினான்னு எழுதியிருந்தியே, அதை மாதர் சங்கத்துல சொன்னேன். பாஸ்டர் சம்சாரம், "நம்ம ஊர் அரிசியைத் தின்னிருந்தா கல்லைத் தனியாத் தேடியிருக்க வேண்டாம் பாவம்"னுட்டா. சிரிச்ச சிரிப்புல ஜெபம் தொடங்கவே அரை மணி ஆச்சு. ரோமாபுரியில பேச்சு பிடிக்காம ஒருத்தனோட தலையையும் கையையும் வெட்டி மேடையிலேயே மாட்டினாங்கன்னியே, அதை நான் சொல்லலை. எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தாங்க.

முக்கியமான விஷயம். நம்ம ஃபாராவுக்கு நாள் குறிச்சாச்சு. ஜூன் 25 சனிக்கிழமை மாப்பிள்ளை தோவோ வீட்டுக்காரங்க ஆட்டுத்தொடைப் பரிசோட வந்து பொண்ணு கேக்கறாங்க, அன்னிக்கே கல்யாணம். அவங்க பக்கம் எல்லார் முன்னாடியும் நின்னு கபாரி பேச அந்த்சிராபே டவுன்லேருந்து ரமாரோன்னு ஒருத்தனைக் கூட்டி வராங்களாம். பெரிய பேச்சாளனாம், கோட்டு போடுவானாம். போடட்டும். நம்ம பக்கம் உங்கப்பா இருக்கார். ஃபாரா அப்பா போனதுலேருந்து எனக்கு அண்ணன்தானே எல்லாம்.

நானும் கபாரி கட்ட ஆரம்பிச்சுட்டேன். வழக்கம்போலத்தான். சாயங்காலம் அண்ணன் அடுப்படி வாசல்ல உட்கார்ந்து கத்தி தீட்டற மாதிரி நடிப்பார். நான் அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே வரி வரியாச் சொல்லுவேன். முப்பது வருஷத்துல எத்தனை கத்தி தேஞ்சு போயிருக்கும்னு நினைச்சுக்கோ! பொம்பளைக்கு வளைச்சுப் பேச வராது, நேரா திட்டத்தான் வரும்னு ஊர்ல சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அண்ணன் குரல் கோயில் மணி. மணிச்சத்தம் ஊருக்குக் கேட்டாப் போதும், கயித்தை இழுக்கறவளை யார் பாக்கணும்?

இது உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். "பொட்டப்புள்ளைக்குப் பேச்சுப் படிப்பா"ன்னு உங்கப்பா சிரிச்சு, நீ மூட்டையைக் கட்டிட்டு வந்து என் மடியில அழுதியே, அன்னிக்கு உன்னைத் தேத்தறதுக்காகச் சொன்னது. பத்திரம்.

கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடு. பாத்திரம் கழுவ ஆள் வேணும்.

உன் அத்தை
ராய்வோ

•

அந்தனனரிவோ
1994 மே 23

அன்புள்ள அத்தைக்கு,

ஃபாராவின் செய்தி கேட்டு மகிழ்ந்தேன். ஆனால் என்னால் வர முடியாது. ஜூன் மாதம் முழுவதும் தேர்வு. அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆய்வேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கிரேக்கர், ரோமர், பிரசங்கம் செய்த துறவிகள், அரண்மனை முற்றத்தில் குடிகளிடம் பேசிய நம் அரசர்கள், பிரெஞ்சுக்காரர்களின் சபைகள், வானொலி என்று வரிசையாக எழுதினேன். எழுத எழுத ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தனை நூற்றாண்டுகளிலும் பேசியவர்கள் ஆண்கள். கைதட்டல் அவர்களுக்கு. அந்தச் சொற்களை யார் கட்டினார்கள் என்று ஒரு புத்தகமும் கேட்கவில்லை.

அதனால் கடைசிப் பகுதியை மாற்றினேன். மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு பெண், தன் அண்ணனுக்காக முப்பது வருடமாகக் கபாரி கட்டித் தருகிறாள் என்று எழுதியிருக்கிறேன். பெயர் எழுதவில்லை. ஊர் எழுதவில்லை.

இம்மாதம் 14ஆம் தேதி அந்தப் பகுதியைப் பல்கலைக்கழகத்தில் வாசித்தேன். மண்டபம் நிறைய ஆட்கள். வெளியூர்ப் பேச்சாளர்களும் வந்திருந்தார்கள். பேராசிரியர் ரந்திரியா எழுந்து நின்று கை தட்டினார். வானொலிக்காரர் ஒருவர் பதிவு செய்துகொண்டார்.

முன்பே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இப்போது கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

நிவு

•

அம்பதோமேனா
1994 ஜூன் 3

நிவு,

மாட்டை வித்துட்டு, விக்கலாமான்னு கேக்கறியா?

படிச்சதும் கடுதாசியை ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டு நேரா சபைக்குப் போய் முழங்கால் போட்டேன். ஜெபம் வரலை. உன் மூஞ்சிதான் வந்தது.

நான் உன்னைக் கேட்டேனா, என்னைப் பத்தி எழுதுன்னு? கல்லு பொறுக்கிக்கிட்டே சொன்ன பேச்சுடி அது. வீட்டுப் பேச்சு. அதை மண்டபத்துல வச்சு வாசிச்சிருக்கே. கை வேற தட்டினாங்களாம். யாருக்குத் தட்டினாங்க? எனக்கா, உனக்கா?

வானொலியில போட்டுட்டாங்களா இல்லையா, அதை ஏன் எழுதலை? கர்த்தர் கிருபையால உங்கப்பா பெட்டியில பேட்டரி தீந்து பதினஞ்சு நாளாச்சு. கடைக்குப் போறேன்னு கிளம்பினவரை, முதல்ல கூரையைப் பாருன்னு ஏணியில ஏத்தி விட்டிருக்கேன்.

பேர் போடலைங்கிறே. சரி. அப்ப யாருக்கும் தெரியாதுன்னு வேதத்து மேல கை வச்சுச் சொல்லு. உடனே எழுது. கல்யாணத்துக்கு இருபத்திரெண்டு நாள்தான் இருக்கு.

ராய்வோ

•

அந்தனனரிவோ
1994 ஜூன் 11

அத்தைக்கு,

கட்டுரையில் பெயர் இல்லை. அது உண்மை. வானொலியில் இன்னும் ஒலிபரப்பவில்லை.

ஆனால் பேசத் தொடங்கும்போது வழக்கப்படி மன்னிப்புரை சொன்னேன். நான் இளையவள், பெண், பேசத் தகாதவள் என்றேன். யாரிடமிருந்து பேச்சைப் பெற்றோமோ அவருடைய பெயரைச் சொல்லி உத்தரவு கேட்க வேண்டுமே. எல்லோரும் அப்பா பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். என் வாயில் உங்கள் பெயர் வந்துவிட்டது. "என் அத்தை ராய்வோவின் உத்தரவோடு" என்றேன். பொய் சொல்லி உத்தரவு வாங்கினால் பேச்சு விளங்காது என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?

மாணவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கபாரி தெரிந்தவர்கள் கவனித்திருக்கலாம். வெளியூர்ப் பேச்சாளர்களின் பெயர்ப் பட்டியலை நேற்றுதான் பார்த்தேன். அதில் அந்த்சிராபே ரமாரோ என்று ஒரு பெயர் இருக்கிறது.

நான் செய்தது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பயமாக மட்டும் இருக்கிறது.

நிவு

•

அம்பதோமேனா
1994 ஜூன் 27

நிவு,

கல்யாணம் முடிஞ்சது. எப்படி முடிஞ்சதுன்னு நீ தெரிஞ்சுக்கணும். வேற யார்கிட்டயும் என்னால சொல்ல முடியாது. பாஸ்டர் சம்சாரத்துக்கிட்டகூட முடியாது. அதனால உனக்கு மட்டும் எழுதறேன்.

வீட்டு முத்தம் நிறைஞ்சு ஆளு. மேற்கால அவங்க, கிழக்கால நாம. நான் அடுப்படியில, ஆறு பானை கொதிக்குது. ஃபாரா உள்ளறையில தலை பின்னிக்கிட்டு. ரமாரோ எழுந்தான். கோட்டு நல்ல கோட்டுதான். மன்னிப்புரையை ஆரம்பிச்சான். முன்னோர்கிட்ட மன்னிப்பு, பெரியவங்ககிட்ட மன்னிப்பு, பாஸ்டர்கிட்ட மன்னிப்பு. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, தொப்பியைக் கழட்டி அடுப்படிப் பக்கம் திரும்பிக் குனிஞ்சான்.

"புகைக்குள்ள உட்கார்ந்திருக்கிற அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ரட்சிம்பா ஐயா எனக்குப் பதில் சொல்லணும்னா அந்த அம்மா உத்தரவு குடுக்கணுமாமே. ஐயாவோட சொந்தப் பொண்ணே தலைநகரத்துல சொல்லிருக்கு. நானே காதால கேட்டேன்."

முதல்ல யாரும் சிரிக்கலை. அப்புறம் ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும்.

உங்கப்பா எழுந்து நின்னார். நின்னவர் நின்னபடியே இருந்தார். நான் கட்டிக் குடுத்த எதுவும் அவர் வாயில வரலை. வந்தா அது என்னுதுன்னு ஆயிடுமே! கையில தொப்பி சுத்திக்கிட்டே இருக்கு. பொண்ணு வீட்டுப் பக்கம் பதில் வரலைன்னா பரிசு திரும்பிப் போகணும். உனக்குத் தெரியும். தோவோவோட அம்மா தோள்துணியை இழுத்துப் போத்த ஆரம்பிச்சுட்டா. உள்ளறையில ஃபாரா, "அம்மா, மாமா ஏன் பேசலை? அம்மா"ங்கிறா.

நான் வெளிய வந்து அழகாப் பேசினா அண்ணன் செத்தார். வராம இருந்தா ஃபாரா செத்தா. ஆண்டவரேன்னு ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். அகப்பையை எடுத்தேன். வெளிய வந்தேன்.

"ஏன்யா ரமாரோ! பொண்ணு கேக்க வந்தியா, பானையில என்ன வேகுதுன்னு மோப்பம் பிடிக்க வந்தியா? கோட்டு போட்டா பெரிய மனுஷனா? முழங்கையில கிழிசல் தெரியுது, அதைத் தைக்க உன் பொண்டாட்டிக்கு உத்தரவு குடுக்கலையா? என் அண்ணன் உன் மூஞ்சியைப் பாத்து, இதுக்குப் போய்ப் பேசறதான்னு அலுத்துப்போய் நிக்கறார். நான் கபாரி பேசறேனா? என் நாத்தனாருக்கு நான் பேசின பேச்சுல அவ எட்டு வருஷமா இந்த வாசப்படி மிதிக்கலை, தெரியுமா உனக்கு? சோறு குழையுது. பேசறதைப் பேசிட்டு உட்காரு!"

இன்னும் பேசினேன். எழுதக் கூசுது. பாஸ்டர் வானத்தைப் பாத்தார். சந்தையில மீன்காரி பேசறதுக்கு ஒரு படி கீழதான். நீட்டி, குளறி, ஒரே வார்த்தையை மூணு தடவை சொல்லி, எதுக்கும் தலையும் இல்லாம வாலும் இல்லாம. வேணும்னே செஞ்சேன், நிவு. ஒவ்வொரு வரியையும் பாத்துப் பாத்துக் கெடுத்தேன்.

முத்தமே உருண்டு உருண்டு சிரிச்சது. இந்தத் தடவை ரமாரோவைப் பாத்து. அவங்க பக்கத்துக் கிழவர் ஒருத்தர், "இந்த வாயா கபாரி கட்டும்? இது கட்டின வேலியையே பிச்சுப்போடற வாயில்ல"ன்னார். ரமாரோ உட்கார்ந்துட்டான்.

அப்புறம் உங்கப்பாவுக்கு நாக்கு வந்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பெரியவங்க என் தங்கச்சியை மன்னிக்கணும். ரொம்ப நல்லவ, தெய்வபயம் உள்ளவ. அவ வாயைச் செதுக்கற அன்னிக்கு மட்டும் ஆண்டவர் உளி எடுத்துட்டு வரலை."

சபை கை தட்டிச்சு. அந்த வரி நான் குடுத்தது இல்லை. முப்பது வருஷத்துல அவரா சொன்ன முதல் நல்ல வரி அதுதான்.

அதுக்கப்புறம் என் கபாரி முழுசும் சொன்னார். ஒரு வார்த்தை பிசகலை. நான் பானைக்குப் பின்னாடி உட்கார்ந்து கேட்டேன். நல்லா இருந்தது. ஃபாராவைக் குடுத்தோம்.

அண்ணன் என்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசலை. கத்தி தீட்ட வரலை. உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறார். இப்ப கை தட்டு.

ராய்வோ

•

அந்தனனரிவோ
1994 ஜூலை 6

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். என்னை மன்னியுங்கள்.

இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. கல்யாணத்தில் நடந்ததை ரமாரோவே இங்கே வந்து சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நாலு வார்த்தை கோர்வையாக வராது, உங்கள் மாணவி கதை கட்டிவிட்டாள் என்று பேராசிரியரிடமே சொன்னார். பேராசிரியர் நேரில் விசாரிக்க வருகிறார். நீங்கள் மறுத்தால் நான் பொய்ச் சான்று எழுதியவள் ஆவேன். பட்டம் கிடைக்காது. வேறெங்கும் சேர்க்கவும் மாட்டார்கள்.

அவரிடம் தனியாகச் சொன்னால் போதும். ஊருக்குத் தெரிய வேண்டாம். ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

நிவு

•

அம்பதோமேனா
1994 ஜூலை 19

நிவு,

உன் பேராசிரியர் வந்துட்டுப் போனார். நல்ல மனுஷன். சேத்துச் செருப்போட பாயில ஏறினார், திட்டினேன். சிரிச்சார். பேச்சுப் பிடிக்கிற பெட்டியை நடுவுல வச்சு, "அம்மா, உங்கண்ணன் பேசறதெல்லாம் நீங்க கட்டினதுன்னு சொல்றாங்களே?"ன்னார்.

நான் கதவுப்பக்கம் பாத்தேன். வெளிய பன்னிக்கொட்டில் கிட்ட உங்கப்பா நிக்கறார். மூங்கில் கழியைப் பிடிச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் பாக்காம. கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என் வீட்டுக்கு அவ்வளவு பக்கத்துல வந்தது அன்னிக்குத்தான்.

"அய்யய்யோ, எனக்கு எங்க ஐயா அதெல்லாம்? அந்தப் பொண்ணு சின்னதுலேருந்தே அப்படித்தான், எதையாவது சொல்லும்"னேன். "எழுதப் படிக்கத் தெரியுமா?"ன்னார். தெரியாதுன்னேன். ஒரு தாளை நீட்டினார். கட்டைவிரலை மையில தொட்டு அழுத்தினேன்.

பொய்தான். தெரிஞ்சு சொன்ன பொய். அந்த ஞாயித்துக்கிழமை திருவிருந்துல அப்பம் எடுக்கலை. "உடம்பு சரியில்லையா"ன்னு பாஸ்டர் சம்சாரம் கேட்டா. ஆமான்னேன். அது ரெண்டாவது பொய்.

உன்னைக் கைவிட்டுட்டேன்னு நினைப்பே. நினை. அண்ணன் பொழைக்கறது அவர் பேச்சால மட்டுந்தான். நாலு ஊர்ல கூப்பிடறாங்க, அதுதான் அவருக்கு உசுரு. ஃபாரா இப்ப அந்த வீட்டுல இருக்கா. அவளைப் பாத்து "ஏமாத்திக் குடுத்த பொண்ணு"ன்னு யாரும் சொல்லக்கூடாது. நீ சின்னப் பொண்ணு. உனக்குப் படிப்பு இன்னும் ஆயிரம் வரும். அந்தக் கடைசிப் பகுதியை எடுத்துடு. மிச்சத்துக்குப் பட்டம் குடுக்க மாட்டாங்களா?

பசி பாத்துச் சாப்பிடு. கோவத்துல பட்டினி கிடக்காதே.

உன் அத்தை
ராய்வோ

•

அந்தனனரிவோ
1994 ஆகஸ்ட் 2

அத்தைக்கு,

வெள்ளிக்கிழமை பேராசிரியர் என்னை அழைத்தார். உங்கள் கைரேகை பதிந்த தாளை மேசையில் வைத்தார். பதிவுப் பெட்டியை ஓடவிட்டார். "அந்தப் பொண்ணு சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்று உங்கள் குரல் சொன்னது. அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

என் பையில் உங்கள் ஜூன் 27 கடிதம் இருந்தது. எப்போதும் பையில்தான் வைத்திருப்பேன். எடுத்து அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு முறை படித்தார். "வேணும்னே கெடுத்தாளா? ஒவ்வொரு வரியா?" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், அத்தை. இதைவிடப் பெரிய சொல்வன்மையை எந்த நூற்றாண்டிலும் தாம் படித்ததில்லை என்றார். கடிதம் முழுவதையும் புத்தகமாக வரப்போகும் என் ஆய்வேட்டின் முடிவில் போடப்போகிறார். ஒரு பகுதியைச் செய்தித்தாளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். உங்கள் பெயரோடு. அப்பாவின் பெயரோடு. நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

நான் உங்களுக்குச் செய்தது தெரியும். ஆனால் நீங்கள் எனக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். அப்பா உங்களை எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசினார். அவருக்காக நீங்கள் பொய் சொன்னீர்கள். நான் உங்களை எல்லோர் முன்னாலும் உயர்த்திப் பேசினேன். என்னைப் பொய்க்காரி என்றீர்கள்.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. திட்டியாவது எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

நிவு

•

அம்பதோமேனா
1994 ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய நிவுஹாரிசோவா அவர்களுக்கு,

பேசத் தொடங்கும் முன் மன்னிப்பை வேண்டுகிறேன். எனக்கு முன் பிறந்தவர்களிடமும், எனக்கு முன் மண்ணுக்குள் சென்றவர்களிடமும் வேண்டுகிறேன். கற்றவர்களிடம் வேண்டுகிறேன், ஏனெனில் நான் நான்காம் வகுப்போடு நின்றவள். தங்களிடமும் வேண்டுகிறேன், ஏனெனில் தங்கள் நேரம் அரியது. என் சொல்லில் கரடு இருந்தால் அது இந்தக் குளிர்காலக் காற்றின் குற்றமாக இருக்கட்டும். அதைத் தங்கள்மீது எறியும் எண்ணம் எனக்கு இல்லை.

தங்கள் கடிதம் பழுதின்றி வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவருக்குச் சோறிட்டு அனுப்பினோம். தாங்கள் பெற்ற பட்டத்துக்கு இந்த வீட்டாரின் வாழ்த்துகள். தங்களைப் போன்ற கற்றறிந்தவர் எங்கள் சிற்றூரைப் பொருட்படுத்தியதை நாங்கள் ஒருபோதும் மறவோம்.

தாங்கள் நலம் விசாரிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ரட்சிம்பா அவர்கள் நலம். செய்தித்தாள் வருவதற்கு முன்பே அவரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் இப்போது எந்த முற்றத்திலும் பேசுவதில்லை. நெடுங்காலம் பேசியவர், ஓய்வை விரும்புகிறார். அவரும் நானும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கிறோம். அவர் காலையில் வருகிறார், நான் மாலையில் போகிறேன். ஃபாராவின் புகுந்த வீட்டார் கண்ணியமானவர்கள். செய்தியைப் படித்த பிறகும் அவளை அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேறெதுவும் அவளிடம் பேசுவதும் இல்லை.

இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. விருந்தினர் முன் குறை சொல்வது எங்கள் வழக்கம் அன்று.

தாங்கள் எப்போதாவது இவ்வழியே வர நேர்ந்தால் தயங்காமல் வாருங்கள். புதுப் பாய் விரிப்போம். தொலைவிலிருந்து வருவோர் அமரும் வடக்குப் பக்கத்தில் தங்களை அமர்த்துவோம். அரிசியில் நல்லதை வடிப்போம், கோழியில் கொழுத்ததை அறுப்போம். உபசாரத்தில் துளியும் குறை இராது. அடுப்படிப் பக்கம் வந்து தாங்கள் சிரமப்பட வேண்டாம். அங்கே புகை அதிகம்.

கடவுள் தங்களைக் காப்பாராக.

இங்ஙனம்,
ராய்வோ